ரோஸ் தாளில் ஒரு கைத்துப்பாக்கி

2004-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அபுதாபியின் மேற்குக் கோடியில் ருவைஸில், எங்கள் தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் இருந்த காட்டில் ஒன்பது நாய்கள் இருந்தன. முதல் நாள் ஏழு என்றுதான் எண்ணினேன். மீதி இரண்டும் மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கின்றன. பயந்தவன் எல்லாவற்றையும் கூட்டி எண்ணுவான் என்பார்கள். நான் குறைத்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

காடு என்றால் இங்கே இருப்பது போன்ற காடு இல்லை. நெடுஞ்சாலையில் மணல் ஏறாமலிருக்க அரசாங்கம் நட்டு வளர்த்தது. ஒரு வரிசைக்கு நூற்றிருபது மரம், அப்படி முப்பத்தெட்டு வரிசை. அங்கே காஃப் என்பார்கள்; நம் வன்னி மரம்தான். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கறுப்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வரிசைகளுக்கு நடுவே நடந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எண்ணூற்றுப் பத்து அடி எடுத்து வைக்க வேண்டும். என் காலால் எண்ணூற்றுப் பத்து.

நடக்காமல் இருக்க முடியாது. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கிளினிக் டாக்டர் என் இடது கால் பெருவிரலை அழுத்திப் பார்த்துவிட்டு, தினமும் நாற்பது நிமிடம் நட, இல்லையென்றால் அடுத்த மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதுவேன் என்றார். அன்ஃபிட் என்றால் விசா புதுப்பிக்க மாட்டார்கள். என் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அந்த இரண்டு வருடமும் நான் அங்கே இருந்தாக வேண்டும். எனக்கிருந்த கணக்கு அவ்வளவுதான்.

கேம்புக்குள் நடக்கலாமே என்று கேட்கலாம். எனக்கு ஓய்வு கிடைக்கும் மாலை நேரத்தில்தான் நாற்பத்தாறு பஸ்களும் ஆட்களை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுக்கும். பஸ்ஸுக்கும் பயம் எனக்கு.

நாய்கள் பக்கத்துக் கேம்பின் நாய்கள். அந்தக் கம்பெனியின் வேலை முடிந்து ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அவர்களுடைய மெஸ்ஸின் மிச்சச் சோற்றை நம்பி வளர்ந்தவை காட்டுக்குள் வந்துவிட்டன. முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பின்னாலேயே வந்தன. குரைத்திருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நான் நின்றால் நின்றன, நடந்தால் நடந்தன. கேம்பு வேலி வரை என் அடிகளை எண்ணாமல் வந்தது அன்று ஒருநாள்தான்.

அறையில் நாங்கள் மூன்று பேர். கிரேன் ஓட்டும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், எங்கள் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட், நாற்பது வயது இருக்கும், என்னை அண்ணை என்பார், நான் தம்பி என்பேன். கிரேன்காரர்தான் யோசனை சொன்னார்.

"குனிஞ்சு கல்லெடுக்குற மாதிரி பாவ்லா காட்டுங்கய்யா. வாலச் சுருட்டிக்கிட்டு ஓடிரும். நம்ம ஊரு நாயி அம்புட்டும் அப்படித்தான்."

மறுநாள் குனிந்தேன். ஒன்பதும் என்னை நோக்கி ஓடிவந்தன. அந்த நாய்களின் முன்னால் அதுவரை குனிந்தவர்கள் எல்லோரும் சோறு வைக்கத்தான் குனிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் காது கிழிந்த ஒரு செவலை நாய் என் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது. துணி கிழிந்தது. பல் தோலில் படவில்லை. வேலிக்குள் வந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி நான்கு முறை பார்த்தேன். சர்க்கரைக் காலில் நாய்க்கடி. யாரிடம் போய் என்ன சொல்வது?

கிரேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, கல்லு வேணாம்யா. பேசாம ஒரு துப்பாக்கி வாங்கிருங்க. சும்மா சின்னதா, இடுப்புல சொருகிக்கிற மாதிரி. அய்யா நடந்து போனா காடே சல்யூட் அடிக்கும்ல!"

"துவக்கு எண்டால் உங்களுக்குப் பகிடியாக் கிடக்கு" என்றார் தம்பி, சட்டையைத் தேய்த்துக்கொண்டே. துப்பாக்கியைத்தான் துவக்கு என்றார். அவர் சிரிக்கவில்லை.

கிரேன்காரர் விளையாட்டுக்குச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. ஒரு கம்பு ஒன்பது நாய்களுக்குப் போதாது. கம்பை ஓங்கினால் ஒன்றை அடிக்கலாம். மற்ற எட்டு சும்மா இருக்குமா? சத்தம் வேண்டும். தூரத்திலிருந்தே நிறுத்த வேண்டும். படுத்தால் கண்ணுக்குள் அந்தச் செவலைதான் நின்றது. வெள்ளிக்கிழமை கேம்பிலிருந்து அபுதாபிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மூன்று மணி நேரம்.

மீன்பிடி, வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்று சந்துக்குள் இருந்தது. வாசலில் தூண்டில், உள்ளே பருந்துக்குப் போடும் தோல் தொப்பி, அதற்கும் உள்ளே கண்ணாடிப் பெட்டி. விற்பவர் மலையாளி, வழுக்கைத் தலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு எந்தா வேணும்? தூண்டிலா?"

"சின்னதா ஒரு கைத்துப்பாக்கி. விலை குறைஞ்சது. காட்டுல நடக்கும்போது வைச்சுக்கிறதுக்கு."

"காடா? இவிடே ஏது காடு சாரே!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

கண்ணாடிக்குள் ஒரு சின்ன ரிவால்வர் இருந்தது. பாயிண்ட் டூ டூ என்றார். என் சுண்டுவிரலின் நகக்கண் அளவுகூட இல்லாத குண்டு. உருளையில் ஒன்பது ஓட்டை. நாய் ஒன்பது, ஓட்டை ஒன்பது.

"அது நோக்கண்டா. அதுக்கு போலீஸ் பேப்பர் வேணும். பேப்பர் அரபிக்கு மட்டும்தான் கிட்டும்." குரலைத் தாழ்த்தி, மேஜைக்கு அடியிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்தார். ஒன்று குழலை மடக்கிக் காற்று ஏற்றும் பிஸ்டல்: நாலரை மில்லிமீட்டர் ஈயக் குண்டு, ஒரு தடவைக்கு ஒன்றுதான், மறுபடி மடக்க வேண்டும். இன்னொன்று கேஸ் சிலிண்டரில் ஓடுவது: சோடா பாட்டிலுக்குப் போடுகிற மாதிரி சின்ன சிலிண்டர், எட்டுக் குண்டு, தொடர்ந்து சுடலாம். மூன்றாவதாக, ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குப் பதில் வெடிக்கும் பிஸ்டல். குண்டே கிடையாது, சத்தம் மட்டும். கடைசியில் சொன்னது விலை குறைவு.

மடக்கும் பிஸ்டலை என் கையில் கொடுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். மடக்க முயன்றேன். பாதி வரைதான் வந்தது. ஒன்பது நாய்கள் நிற்க நான் அதை மடக்கிக்கொண்டிருப்பதை நினைத்தேன்.

"இதுக்கெல்லாம் பேப்பர் வேண்டாமா?"

"சாரே, ஒரு காரியம் பறயாம். யாரும் கேட்டா நான் சாரைக் கண்டிட்டில்லா."

என்னைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுவாராம். அந்த ஒரு வாக்கியத்தோடு வெளியே வந்துவிட்டேன். வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் மூன்றின் விவரங்களையும் மனதில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இருபத்தோரு வருடம் ஸ்டோரில் இருந்தவன் நான். ஒரு வால்வு வாங்குவதென்றாலும் மூன்று கடை விவரத்தைக் கட்டம் போட்டு எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எனக்கு முடிவு பிடிபடும். திரும்பும் பஸ்ஸிலேயே கை பரபரத்தது. அறைக்கு வந்ததும் என் பையில் இருந்த எம்.ஆர். புத்தகத்தை எடுத்தேன். சைட்டுக்கு என்ன சாமான் வேண்டுமென்று எழுதி அனுப்பும் புத்தகம் அது. விட்டுப்போனதை எழுத அவ்வப்போது அறைக்குக் கொண்டு வருவேன். கட்டங்கள் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும்: சாமான், விவரம், அளவு, எண்ணிக்கை, எதற்காக.

எழுதினேன். கைத்துப்பாக்கி, சிறிய ரகம். ஏ, பி, சி என்று மூன்று வரி. குண்டின் அளவு, எடை, எத்தனை முறை சுடலாம். எண்ணிக்கை: ஒன்று. எதற்காக: காட்டில் நடப்பதற்கு. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், எம்.ஆரில் தமிழ் எழுதும் பழக்கமில்லை. தொடர்ந்து சுடக்கூடிய பி-க்கு நேராக டிக் போட்டேன். ஓரத்தில் 'அவசரம்' என்றிருந்த கட்டத்திலும் டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தாளின் அடிக்கு வந்தால் கை கையெழுத்துப் போடும்.

எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் அடங்கியது. மலையாளியின் வார்த்தையும் ஞாபகம் வந்தது. வேண்டாம், கம்போடு போகலாம் என்று முடிவு செய்து புத்தகத்தை மூடிப் பையில் வைத்துப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்ததும், எழுதிய தாள்களைக் கிழித்து ஆபீஸுக்கு அனுப்புவது வழக்கம். கிழித்தேன். பதினொன்று. இரண்டாம் முறை எண்ணினேன், பதினொன்று. டிரைவரிடம் கொடுத்தேன். எண்ணினேன், படிக்கவில்லை.

பத்தரை மணிக்கு ஒரு பழைய எண்ணைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டியபோது மஞ்சள் தாளில் அது இருந்தது. எம்.ஆர். மூன்று தாள் கொண்டது. மேலே எழுதினால் கீழே இரண்டிலும் தானாகப் பதியும். வெள்ளை பர்ச்சேஸ் ஆபீஸுக்கு. ரோஸ் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு, சாமான் உள்ளே வரும்போது சரிபார்க்க. மஞ்சள் புத்தகத்திலேயே இருக்கும். மஞ்சளில் என் கையெழுத்து வரை தெளிவாகப் பதிந்திருந்தது.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து நாடுகளில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வேலை நடந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் போகும் பஸ்களின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மொபைலில் கேமரா இருந்ததற்காக ஒரு வெல்டரை அன்றே ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கேட்டுக்குத்தான், ஒரு துப்பாக்கி அவசரமாகத் தேவை என்று கையெழுத்துப் போட்டு நான் அனுப்பியிருந்தேன்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, இன்னைக்கு வந்த பதினொன்னுல..."

"போனிலை கதைக்காதேங்கோ அண்ணை." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வெள்ளை என்னட்டைக் கிடக்கு. பின்னேரம் அறைக்கு வாறன்." வைத்துவிட்டார்.

ரோஸ் அவரிடம் இல்லை. டிரைவர் போகும் வழியிலேயே அதைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போவார்.

கேட்டுக்கு நடந்தேன். வெயில் இல்லை, ஆனால் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செக்யூரிட்டி அதிகாரி சூடான்காரர், என் வயதுதான், அதிகம் பேசாதவர். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம். அவர் மேஜையில் பத்து ரோஸ் தாள்கள் ஒரு கிளிப்பில் இருந்தன. ஒன்று தனியாக, அவர் கைக்கு அடியில் இருந்தது.

"உட்கார்" என்றார். நான் வருவேன் என்று எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது. "இது கம்பெனிக்கா, உனக்கா?"

"எனக்கு சார். தப்பாக வந்துவிட்டது."

"எதைச் சுட?"

"நாய்."

"எத்தனை நாய்?"

"ஒன்பது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி படித்தார். முழுவதும், ஓரத்தில் இருந்த டிக் வரை. அவர் படித்து முடிக்கும் வரை சுவரில் இருந்த சாவிகளை எண்ணினேன். முப்பத்திரண்டு.

"வாங்கிவிட்டாயா?"

"இல்லை சார். என் மகள் மேல் ஆணை."

"அதை நான் பார்க்க வேண்டும்" என்றார். "மாலை அறைக்கு வருவேன். அதுவரை யாரிடமும் பேசாதே."

அன்று மதியச் சாப்பாட்டை நான் தொடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன், அதுவும் தப்பு. ஸ்டோரில் ஒரு மூலையில் உட்கார்ந்து, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பதினேழு பதில் தயார் செய்தேன். ஊருக்கு அனுப்பினால் பரவாயில்லை என்று ஒரு நேரம் தோன்றியது. உள்ளே வைத்துவிட்டால்? மகளின் கல்லூரிக்கு யார் போன் செய்து சொல்வார்கள்?

மாலை ஆறு மணிக்குத் தம்பி வந்து ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். கிரேன்காரர் குளிக்கப் போயிருந்தார்.

"வெள்ளை எங்கே தம்பி? குடுங்க, எரிச்சிடலாம்."

"சப்பாத்துக்குள்ளை." ஷூவைத்தான் சொன்னார். "ஆபீஸிலை கிழிக்கேலாது. குப்பைக் கூடையையும் பார்ப்பினம்." பிறகு, என்னைப் பார்க்காமல், "என்ன வேலை அண்ணை செய்து போட்டியள்? ஒருத்தருக்கும் சொல்லாமல் துவக்கு வாங்கினவனைக் கண்டிருக்கிறன். பேப்பரிலை கையெழுத்து வைச்சுக் கேட்ட ஆளை இப்பத்தான் காணுறன்."

செக்யூரிட்டி வருவதை அவரிடம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். கதவு தட்டப்பட்டது.

சூடான்காரரும் இன்னும் இரண்டு காவலர்களும். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே தம்பி எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிச் சுவரில் பதித்து, கால்களை அகட்டி நின்றார். யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை. காவலர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் அவர் ஊரில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. அந்தத் தாள் அவருடைய வலது காலுக்கு அடியில் இருந்தது. எந்தக் கால் என்று எனக்கு எப்படித் தெரிந்ததென்றால், அந்தக் காலில் அவர் பாரம் போடாமல் நின்றார்.

என் பெட்டியைத் திறந்தார்கள். வேட்டி இரண்டு, மாத்திரை அட்டைகள், மகளின் கல்லூரிப் படம், கிழிந்த பேண்ட். பேண்ட்டை எடுத்து சூடான்காரர் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மெத்தையைப் புரட்டினார்கள். கிரேன்காரரின் அலமாரியைத் திறந்தார்கள். அவர் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்று, "பாய், கியா ஹுவா பாய்?" என்று, என்ன ஆயிற்றென இந்தியில் கேட்டார். எல்லாம் முடிய பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு சூடான்காரர் தம்பியின் பின்னால் போய் நின்றார். நான் தம்பியின் ஷூவைப் பார்க்காமலிருக்க மிகவும் முயன்றேன். பார்த்தேன். நான் பார்த்ததை சூடான்காரரும் பார்த்தார் என்றுதான் இன்று வரை நினைக்கிறேன்.

"இவர் யார்?" என்று என்னிடம் கேட்டார்.

"டைப்பிஸ்ட் சார். சிலோன். இவருக்கு ஒன்றும் தெரியாது."

அவர் தம்பியின் தூக்கிய கைகளில் ஒன்றைத் தொட்டு, மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு மற்றதை. "கலாஸ்" என்றார், முடிந்துவிட்டது என்று. "உட்கார் பாய்." தம்பி உட்காரவில்லை.

வாசலில் என்னைத் தனியாக அழைத்தார். ரோஸ் தாள் அவர் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. அதன் நுனி வெளியே தெரிந்தது.

"கடைப் பக்கம் போகாதே. காட்டுக்கும் போகாதே. இது என்னிடம் இருக்கும்."

"கிழித்துவிடுங்கள் சார்."

"இருக்கும்" என்றார். போய்விட்டார்.

வெள்ளைத் தாளையும் மஞ்சளையும் சமையலறையில் கிரேன்காரர் எரித்தார். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக, டீ கொட்டிப் பாழானது என்று எழுதினேன். எண் விட்டுப்போகக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். பொய் எழுதியது அந்த ஒரு வரிதான். கிரேன்காரர் ஒருவாரம் என்னைக் கேலி செய்யவே இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி வேறு பிளாக்குக்கு அறை மாற்றிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன்.

"கோபமா தம்பி?"

"கோபமில்லை அண்ணை. இந்த அறையிலை நித்திரை வருகுதில்லை. கதவு தட்டினமாதிரிக் கிடக்கு." பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்கள் நடவுங்கோ. கால் முக்கியம்."

தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, இரவு பஸ்கள் ஒதுங்கிய பிறகு மெஸ்ஸைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்றுக்கு இருநூற்று நாற்பத்தாறு அடி, தினமும் இருபது சுற்று. நாய்கள் காட்டுக்குள்ளேயே இருந்தன. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் குரைப்பு கேட்கும். எனக்கு அவற்றைப் பற்றிய பயம் ஒரே நாளில் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ரோஸ் தாள் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டில் சூடான்காரர் என் பாஸைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் இன்று கேட்பார் என்று நினைப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். லீவுக்குப் போனபோது விமான நிலையத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்த அதிகாரி கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தபோது, அவர் விரல் எத்தனை முறை தட்டியது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். மெடிக்கல் இரண்டு முறையும் ஃபிட் என்றே வந்தது.

இரண்டு வருடம் கழித்து, வேலை முடிந்து கிளம்பும் நாளில், கிளியரன்ஸ் தாளில் ஏழு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஏழாவது அவர். மகள் அந்த மாதம்தான் படிப்பை முடித்திருந்தாள். அவர் என் தாளை வாங்கிப் படித்தார், அதே போல, ஓரம் வரை. பேனாவைத் தேடி மேஜையின் மேல் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நிறையத் தாள்கள், மேலே தெரிந்தவற்றில் எதுவும் ரோஸ் இல்லை. பேனா கிடைத்தது. இழுப்பறையை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. கேட்டால் ஞாபகப்படுத்தியதாகிவிடுமே என்று பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் பெல்ட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.